80 மி.மீ. துளையும் 94 விழுக்காடும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம், கோவைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாலிடெக்னிக்கின் ஆண்டு விழாவில் பேச என்னை அழைத்திருந்தார்கள். தொழில்துறையில் இருப்பவர் என்ற முறையில் மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். மேடையேறிய சில நிமிடங்களிலேயே, அங்கே நிற்கும் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டேன்: மதிப்பெண் சான்றிதழ் வெறும் காகிதம், ஒருவனைக் கடைசி வரை காப்பாற்றுவது கைத்திறன்தான். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். பொன்னாடையை மடித்து வண்டியின் பின் இருக்கையில் போட்டுவிட்டு அவிநாசி சாலையில் திரும்பி வரும்போதே உறுத்தத் தொடங்கிவிட்டது. முந்தைய வாரம்தான், நான்கு டிப்ளமோ பயிற்சிப் பணியாளர் இடங்களுக்கு வந்திருந்த முந்நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்களை எக்செல்லில் ஏற்றி, 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்களை ஒரே சொடுக்கில் மறைத்திருந்தேன். எனக்குக் கைதட்டிய பிள்ளைகளில் பாதிப் பேராவது அப்படி மறைந்து போயிருப்பார்கள்.

கோவையில் கணபதி என்ற பகுதியில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் உற்பத்திப் பொறுப்பைப் பார்க்கிறேன். பம்ப், கியர்பாக்ஸ் தயாரிப்பவர்கள் வார்ப்பை அனுப்புவார்கள். நாங்கள் கடைசல் வேலை முடித்துத் திருப்பி அனுப்புவோம். பதினேழு ஆண்டுகளாக ஆள் எடுக்கும் வேலையும் என்னுடையதுதான். மேடையில் சொன்னது பொய்யா, எக்செல்லில் செய்தது தவறா என்று கேட்டுக்கொண்டால், இரண்டுக்குமே ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதிப்பெண்ணுக்கு ஒரு வக்காலத்து

என் அப்பா சென்னிமலையில் கைத்தறி நெய்தவர். குழித்தறியில் முப்பது ஆண்டுகள் கால் மிதித்தவர். நாடா ஓடும் சத்தத்தைக் கேட்டே பாவில் இழை அறுந்திருக்கிறதா என்று அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுவார். கைத்திறன் என்று மேடைகளில் புகழப்படுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் திறனுக்கு வாரக் கடைசியில் கிடைத்த கூலி என்ன என்பதும், தீபாவளிக்கு முன்பணம் கேட்டு அவர் எத்தனை வாசலில் நின்றார் என்பதும் எனக்குத் தெரியும். தறிமேடைப் பக்கம் நான் போனாலே, "போய்ப் புஸ்தகத்தை எடு" என்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கறிக்கு உதவும் சுரைக்காயை முப்பது ஆண்டுகள் விளைவித்தவர்கள், ஏட்டுச் சுரைக்காயையாவது பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தார்கள்.

1998இல் பொறியியல் கலந்தாய்வுக்காகக் கிண்டிக்குப் போனோம். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று மொத்தம் 300க்குக் கட் ஆஃப் போட்ட காலம் அது. (அந்த நுழைவுத் தேர்வை 2007இல் எடுத்துவிட்டார்கள், இப்போது கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து 200 மட்டுமே.) பெரிய அரங்கு, எதிரே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அந்த அரங்கில் எங்களை யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. யாருடைய சிபாரிசும் இல்லாமல், வீட்டுச் சுவரில் எத்தனை விரிசல் என்று எவரும் விசாரிக்காமல், ஓர் எண்ணை மட்டும் பார்த்து எனக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். மதிப்பெண் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால், சொல்பவருக்கு அந்த அரங்கு தேவைப்பட்டதா என்று முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது, அல்லது என்னைப் போல, அதில் ஏறி வந்தபின் ஏணியைக் குறை சொல்பவராக இருப்பார்.

கோவையில் இந்தப் பேச்சு வந்தால் ஜி.டி. நாயுடு பெயர் வராமல் முடியாது. 1893இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து நாட்டின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைக் கொண்டு வந்தவர். "பார், அவர் எந்தப் பட்டம் வாங்கினார்" என்று அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். அதே மனிதர்தான் 1945இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டில் முடித்துவிடலாம் என்பது அவர் வாதம். அரசு ஏற்காததால் விலகிக்கொண்டார். படிப்பே வேண்டாம் என்று நினைத்தவர் கல்லூரி கட்ட மாட்டார். படிப்பில் எத்தனை மாதம் வீணாகிறது என்று எண்ணிப் பார்த்தவர் அவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

வீணாவதை நானும் எண்ணியிருக்கிறேன். பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் லேத்தின், அதாவது கடைசல் இயந்திரத்தின், கைப்பிடியை நான் தொட்டது எல்லாம் சேர்த்தாலும் ஒரு பகல் பொழுது தேறாது. ஒரு லேத்துக்கு எட்டுப் பேர். ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் என்று ஆண்டுதோறும் அதே இரண்டு ஜாப். முதலில் நிற்பவன் கடைவான், மற்ற ஏழு பேரும் ரெக்கார்டில் படம் வரைவோம். செய்முறைத் தேர்வில் ரெக்கார்டின் அட்டை சுத்தமாக இருந்தால் பாதி மதிப்பெண் வந்துவிடும். செய்முறை என்று பெயர் வைத்த பாடத்தையும் எழுத்துத் தேர்வாக மாற்றிவிடும் வல்லமை நம் கல்லூரிகளுக்கு உண்டு. அண்மையில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களுக்குப் புதிய இயந்திரங்களைக் கொண்டு வந்தார்கள். மகிழ்ச்சிதான். அந்த இயந்திரங்களுக்கு முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எத்தனை பேர் ரெக்கார்டு எழுதுகிறார்கள் என்பதைத்தான் நான் போய்ப் பார்க்க விரும்புவேன்.

நாற்பது ஹவுசிங்

உறுத்தல் வெறும் உறுத்தலாகவே இருந்திருக்கும், அந்த நாற்பது ஹவுசிங் திரும்பி வராமல் இருந்திருந்தால்.

ஒரு வாடிக்கையாளருக்கு அலுமினிய ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தாங்கும் கூடு, செய்துகொண்டிருந்தோம். அதில் 6208 பேரிங் உட்காரும் இடம்தான் உயிர். அந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 80 மி.மீ.; எனவே துளை 80 எச்7. அதாவது துளை 80ஐவிடக் குறையவே கூடாது, கூடினாலும் 30 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனில் பாதிகூட வராத இடைவெளி. அந்த வாரம் எங்கள் ஃபோர்மேன் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தார். அளவு பார்க்கும் பொறுப்பு, முந்தைய ஆண்டு நான் எடுத்திருந்த ஒரு தம்பியிடம் இருந்தது. டிப்ளமோவில் 94 விழுக்காடு. அடக்கமான, கவனமான பையன். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். இரவு ஷிஃப்ட்டில், வெட்டும் இடத்தில் குளிர்திரவம் பாய்ச்சும் கூலன்ட் பம்ப் மக்கர் செய்ததால், பையன்கள் மண்ணெண்ணெயைத் தூரிகையால் தடவிக்கொண்டே துளையை ஓட்டி முடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கழற்றியவுடன் இந்தத் தம்பி துளையின் உள்விட்டம் பார்க்கும், மைக்ரான் டயல் போட்ட போர் கேஜால் அளந்து, 80.012, 80.015, 80.011 என்று ரிப்போர்ட்டில் வரிசையாக எழுதியிருக்கிறார். நாற்பதும் பாஸ்.

இரண்டு நாள் கழித்து நாற்பதும் மினி டெம்போவில் திரும்பி வந்தன. பேரிங் உள்ளே போகவில்லை. அசெம்பிளி லைன் நின்றதைப் பற்றி வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மறுபடி அளந்தால் 79.966, 79.970. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்தேன் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போர் கேஜின் ஜீரோவைச் சந்தேகித்தோம்; அளவு உறுதியாகத் தெரிந்த செட்டிங் ரிங்கில் வைத்துப் பார்த்தோம்; சரியாக இருந்தது. அளந்து பார்க்காமலே ரிப்போர்ட்டை எழுதிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை ஃபோர்மேன் நெற்றியில் திருநீறோடு வந்தார். கதையைக் கேட்டார். துளையைப் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை. "கழட்டுன ஒடனே அளந்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும், மீதி இருந்த வார்ப்பு ஒன்றை மெஷினில் ஏற்றி, கூலன்ட்டை நிறுத்திவிட்டு, அதே போல ஓட்டச் சொன்னார். கழற்றியவுடன் அளந்தோம்: எண்பதுக்கு மேல் 14 மைக்ரான். அதைச் சாக்பீஸால் அந்த ஹவுசிங்கின் மேலேயே எழுதி, மின்விசிறிக்கு நேராக வைத்துவிட்டு, "வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது எண்பதுக்குக் கீழே 30 மைக்ரான் காட்டியது. "சூட்டுல அளந்தா அது பொய் சொல்லுமுங்க தம்பி. ஆறுனாத்தான் உண்மையச் சொல்லும்."

நான் மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். தம்பி டீ மாஸ்டரின் பில் சீட்டைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தார். சூடேறினால் எவ்வளவு நீளும் என்று சொல்லும் எண், அலுமினியத்தின் நீள்விரிவுக் கெழு, டிகிரிக்கு 0.000023. விட்டம் 80. வெப்பநிலை வேறுபாடு சுமாராக 25 டிகிரி. மூன்றையும் பெருக்கினார்: 0.046 மி.மீ. சற்று முன் நாங்கள் கண்ணால் பார்த்த சுருக்கம் 44 மைக்ரான். சீட்டை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாண்டு இயற்பியலில் அந்தச் சூத்திரத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். கெழுவை மனப்பாடமாக வைத்திருந்தார், யாரும் கேட்காமலேயே தசமத்துக்குப் பின் நான்கு சுழியத்தோடு எழுதினார். அந்த இரவு நாற்பது முறை சூடான அலுமினியத்தைக் கையில் ஏந்தியிருந்தார். சூத்திரமும் சூடும் ஒரே உடம்பில் இருந்தும் ஒன்றுக்கொன்று அறிமுகமாகவில்லை.

"அது என்னங்க தம்பி கணக்கு?" என்று ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். தம்பி விளக்கினார், வார்ப்பு இரும்பானால் கெழு பாதிக்கும் குறைவு என்றார். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் பாருங்க, காஸ்ட் அயர்ன்ல இந்தத் தொல்லை அவ்வளவா வர்றதில்ல. இருவத்தஞ்சு வருசமா இது உலோகத்தோட குணம்னு நெனச்சுட்டு இருந்தேன், அதுக்குக் கணக்கு இருக்குன்னு எனக்கு யாருஞ் சொல்லல" என்றார். ஆறட்டும் என்று அவர் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது எப்போதும் ஒரே அளவு நேரம்தான்: சின்னதோ பெரியதோ, இரும்போ அலுமினியமோ, ஒரு டீ. எதற்குக் கால் மணி போதும், எதற்கு ஒன்றரை மணி வேண்டும் என்று பிரித்துப் பார்க்க அவருக்குக் கருவி இருக்கவில்லை. கணக்குத் தெரியாததால் தம்பி இழந்தது ஒன்றுமில்லை, கணக்கை எங்கே வைப்பது என்று தெரியாததால் நாற்பது ஹவுசிங்கை இழந்தார். ஃபோர்மேன் இழந்ததை யாரும் கணக்குப் போட்டதில்லை.

நல்லவேளை, துளை சிறியதாகித் திரும்பியதால் மறுபடி கடைந்து சரிசெய்ய முடிந்தது. நாற்பதையும் ஒவ்வொன்றாக டயல் வைத்து மையம் பிடித்துத் திருத்த இரண்டு இரவு ஆயிற்று. இருவரும் சேர்ந்தே செய்தார்கள்.

யார் கையெழுத்து

இதில் நான் ஒளிந்துகொள்ள முடியாத ஒரு கேள்வி இருக்கிறது: அந்தத் தம்பியை அந்த இடத்தில் உட்கார வைத்தது யார்? நான்தான். ஆனால் 94ஐப் பார்த்து மயங்கி மட்டும் வைக்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்பு வாடிக்கையாளர் ஒருவரின் தணிக்கைக்கு வந்தவர், ஆய்வறிக்கையில் கையெழுத்திடுபவரின் கல்வித் தகுதி என்ன என்று கேட்டார். பத்தாம் வகுப்பு என்றேன். பேனாவை மூடிவிட்டு, டிப்ளமோ படித்தவர் யாராவது போட்டால் நன்றாக இருக்கும் என்றார். ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையில் தகுதியைப் பற்றிப் பேசும் பிரிவு, கல்வி, பயிற்சி அல்லது அனுபவம் என்றுதான் சொல்கிறது. "அல்லது" என்ற அந்தச் சொல் தணிக்கைப் படிவத்தின் கட்டத்துக்குள் நுழைவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. நான் வாதாடியிருக்கலாம். ஆர்டர் முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து, இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் அளந்து சொல்ல, ஓராண்டுகூட ஆகாதவர் கையெழுத்துப் போட்டார். கும்பாபிஷேகம் வந்தபோது, கையெழுத்து மட்டும் பட்டறையில் மிஞ்சியது.

ஃபோர்மேனின் சம்பளமும் அந்தக் கட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் எங்களைவிட்டு ஒரு பெரிய ஆலைக்குப் போக இரண்டு முறை முயன்றிருக்கிறார்; இரண்டு முறையும் வாயிற்கதவிலேயே ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். கைத்திறன் காப்பாற்றும் என்று நான் மேடையில் சொன்னது அவர் விஷயத்தில் பாதிதான் உண்மை. வேலை போகாமல் காப்பாற்றியிருக்கிறது. பட்டறையைத் தாண்ட விடவில்லை. என் அப்பாவின் நாடாச் சத்தமும் சென்னிமலையைத் தாண்டவில்லை.

அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும். அனுபவச் சான்றை வைத்து விண்ணப்பிக்கலாம், ஐ.டி.ஐ.யில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டியதில்லை. இது பதினேழு ஆண்டுகளாக எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அவர் எங்களிடமே இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாற்பது ஹவுசிங்குக்குப் பிறகு சொன்னேன். "இந்த வயசுல பரிச்சையாங்க சார்" என்று சிரித்தார். மறுவாரம் ஒரு ரூல்டு நோட்டு வாங்கி வந்திருந்தார்.

சூடான துண்டு

விண்ணப்பங்களைச் சலிக்கும் முறையையும் மாற்றினேன். 75ஐ 60 ஆக்கினேன். எண்ணிக்கை கூடியதால் நேர்காணலுக்கு ஒரு சோதனை வைத்தேன். அப்போதுதான் கடைந்த அலுமினிய வளையம் ஒன்றை மேசையில் வைத்து, போர் கேஜைக் கொடுத்து, அளவு சொல்லுங்கள் என்பேன். கையில் எடுத்ததும் சூட்டை உணர்ந்து நிறுத்துகிறார்களா, அல்லது அப்படியே அளக்கிறார்களா என்பதுதான் நான் பார்ப்பது. முதல் ஆண்டு அருமையாக வேலை செய்தது. 62 விழுக்காடு வாங்கிய ஒரு பெண் வளையத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்திருந்து, "எப்ப சார் கழட்டினாங்க?" என்றார். இன்று எங்கள் இரண்டாவது ஷிஃப்ட்டின் அளவுப் பொறுப்பு அவரிடம்தான். அதே நாளில், அவரைவிட முப்பது விழுக்காடு அதிகம் வாங்கிய ஒருவரும் அதே கேள்வியைக் கேட்டார் என்பதையும் எழுதியாக வேண்டும். கதைக்கு வசதியில்லை என்பதற்காக அவரை மறைக்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு சிக்கல் வந்தது. அன்று காலை மின்தடை, மெஷின் ஓடவில்லை. முந்தைய நாள் கடைந்த வளையத்தையே மேசையில் வைத்திருந்தேன். முதலில் வந்த பையன் அதைத் தொடக்கூட இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சூடா இருக்கு சார், ஒரு மணி நேரம் ஆறணும் சார்" என்று மனப்பாடமாகச் சொன்னான். அடுத்தவனும் அதையே சொன்னான். மூன்றாமவன் கெழுவையும் சேர்த்துச் சொன்னான். விடுதியில் வினாத்தாள் கசிந்துவிட்டது! பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்த வளையத்தை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கைத்திறனைச் சோதிக்கிறேன் என்று நான் உண்டாக்கியது இன்னொரு தேர்வு. அதற்கும் நோட்ஸ் தயாராகிவிட்டது. பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் எதற்குப் பழக்கினோமோ அதை ஒழுங்காகச் செய்கிறார்கள்.

இப்போது தேர்ந்த பத்துப் பேரை மூன்று நாள் கூலி கொடுத்து ஃபோர்மேன் பக்கத்தில் நிறுத்துகிறோம். செலவு கூடுதல், முதலாளி மாதம் ஒரு முறை அதைக் கேட்கிறார். மூன்று நாள் ஒருவர் கண்ணில் படாமல் நடிப்பது கடினம் என்பதுதான் என் பதில். பத்துப் பேரைத் தேர்வதற்கு இன்னும் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறேன். முந்நூறு பேரையும் மூன்று நாள் நிறுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்மேன் தேர்வு எழுதிவிட்டு வந்தார். மதிய இடைவேளையில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த 94 விழுக்காட்டுத் தம்பி வாசலிலேயே நின்று, எப்படி என்று கேட்டார். "செய்முறை ஒண்ணுமில்லீங்க தம்பி, பாதி நேரத்துல முடிச்சுட்டேன். எழுதறதுலதான் கேட்டதையே சுத்திச் சுத்திக் கேட்டிருந்தான்" என்றார். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை ஆய்வறிக்கையில் தம்பியின் கையெழுத்துதான். ஆனால் அந்த அறிக்கையின் அடியில், எந்தக் கட்டமும் இல்லாத வெற்றிடத்தில், ஒவ்வொரு ஜாப்பும் கழற்றிய நேரத்தையும் அளந்த நேரத்தையும் ஃபோர்மேன் பென்சிலால் குறித்து வைக்கிறார். சென்ற மாதம் தணிக்கைக்கு வந்தவர் அதைச் சுட்டிக்காட்டி, இது எந்தப் படிவத்தில் வருகிறது என்று கேட்டார். தம்பி பேனாவை எடுத்து, ஒரு டீ பில் சீட்டைத் திருப்பி வைத்து, 80 என்று எழுதி விளக்கத் தொடங்கினார்.